எங்கள் கொயர் பாடும் யோருபாப் பாட்டு யோருபாக்காரருக்குப் புரியுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் கொயர் டிசம்பர் நிகழ்ச்சிக்கு நான்கு "யோருபா பாரம்பரியப் பாடல்"களை எடுத்திருக்கிறது. நாலு குரலில் நன்றாகவே வருகிறது. ஆனால் ரிகர்சலுக்கு வந்த நைஜீரிய நண்பர் ஒருவர், "அருமை, ஆனால் இது எந்த மொழி?" என்று கேட்டுவிட்டார். உச்சரிப்பைத் திருத்தினால் சரியாகிவிடுமா, வெளியாட்கள் இந்தப் பாட்டுகளைப் பாடுவதே சரியா என்று கேட்கிறீர்கள். உச்சரிப்பைத் திருத்தினால் பாதிக் கிணறுகூடத் தாண்ட மாட்டீர்கள். அவர் காதுக்குப் பிடிபடாமல் போனதற்குப் பெரும்பாலும் நீங்கள் பாடிய ஹார்மனிதான், அதாவது குரல்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய விதம்தான் காரணமாக இருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய்ப் பணம் புரண்ட காலத்தில் நம் ஊர்களிலிருந்து ஆசிரியர்கள் நிறையப் பேர் நைஜீரியாவுக்குப் போனோம். நான் போனது இபாடான். அங்கே ஆங்கிலிகன் கோயில் கொயரில் பாஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல் பாடினேன். திரும்பி வந்த பிறகு கொயர் நடத்துவதே பிழைப்பில் பாதியாகிவிட்டது. யோருபா எனக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு வரும். இஃபா என்ற குறிசொல்லும் மரபின் செய்யுள்களை ஓதுபவர்களின் பழைய மொழி வராது. ஆகவே பாட்டைக் கொயருக்கு அமைப்பது, பாட வைப்பது பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சடங்குப் பாட்டின் உட்பொருளுக்கு யோருபாப் பெரியவர் ஒருவரிடம்தான் போக வேண்டும்.

தென்மேற்கு நைஜீரியாவிலும் பக்கத்து பெனின், டோகோ நாடுகளிலும் நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பேசும் இந்த மொழியில், ஒவ்வொரு அசைக்கும் ஒரு சுருதி நிலை உண்டு: கீழ், நடு, மேல். அங்கே பள்ளிக்கூடத்தில் இதை டோ, ரே, மி என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். கீழ் என்றால் டோ, நடு ரே, மேல் மி. நிலை மாறினால் சொல்லே மாறிவிடும். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற வீட்டில் பாடும் பழைய பாட்டு ஒன்று இருக்கிறது. அதை வைத்துப் பார்ப்போம். "எக்போ ன்-பெ, எவா ன்-பெ ஓ" என்று ஆரம்பிக்கும். பனை எண்ணெய் இருக்கிறது, பயறு இருக்கிறது, இரட்டை பெற எனக்குப் பயமில்லை என்று தாய் பாடுகிறாள். இரட்டையருக்குப் பயறு சமைத்துப் படைப்பது அங்கே வழக்கம். அதற்கு வேண்டியது வீட்டில் இருக்கிறது என்பதுதான் அவள் தைரியம்.

முதல் சொல் எக்போ. இரண்டு அசையும் நடு நிலையில், ரே-ரே என்று வந்தால் எண்ணெய். இரண்டும் கீழே இறங்கி டோ-டோ ஆனால் களை. அடுத்த சொல் எவா. டோ-டோ என்று வந்தால் பயறு, ரே-டோ என்று வந்தால் அழகு, டோ-மி என்று ஏறினால் பத்து. பயமில்லை என்பதை "அயா மி ஒ ஜா" என்கிறாள். என் நெஞ்சு அறுந்துபோகாது என்பது சொல்லுக்குச் சொல் பொருள். அயா என்பது டோ-டோ என்றால் நெஞ்சு, ரே-ரே என்றால் மனைவி. இப்போது ஓர் அமைப்பாளர் தன் காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று மெட்டைக் கொஞ்சம் வளைத்தால், "களை இருக்கிறது, பத்து இருக்கிறது" என்று அறுபது பேர் முழங்குவார்கள், அதுவும் கண்ணீர் மல்க. ஜெர்மன், ஆங்கில மெட்டுக்குத் தமிழ் வார்த்தையைத் திணித்த ஞானப்பாட்டுகளில் குறில் நெடிலாவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் பாதி புரியும். மீதிப் பாதி இதைவிட மோசம்.

ஊர்ப் பாட்டில் இந்தப் பிரச்சினை எழுவதில்லை, ஏனென்றால் மெட்டு பேச்சிலிருந்தே கிளம்புகிறது. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வாங்கிப் பாடுவதற்கு எக்பே என்று பெயர். பெரும்பாலான பகுதிகளில் அந்தக் குழுப்பாட்டு ஒரே குரல்தான்; ஆணும் பெண்ணும் ஒரு ஸ்தாயி தள்ளிப் பாடுவார்கள். எகிட்டி, இஜேஷா பக்கம் போனால் இரண்டு குரல் மூன்று சுர இடைவெளியில் கூடவே நடக்கும். கவனியுங்கள், கூடவே நடக்கும். மேல் குரல் ஏறினால் கீழ் குரலும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதனால் இரண்டு குரலிலும் சொல் கெடாமல் நிற்கிறது. ஆகவே யோருபாப் பாட்டுக்கு ஹார்மனியே ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகாதது நம் பாடப்புத்தக ஹார்மனி. மேல் குரலான சோப்ரானோ ஏறும்போது பாஸ் இறங்க வேண்டும், குரல்கள் இணையாக ஓடினால் தப்பு, ஐந்தாம் சுர இடைவெளியில் இணையாக ஓடினால் பெரிய தப்பு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். லண்டன் டிரினிட்டி இசைத் தேர்வு எழுதியவர்கள் எல்லாருக்கும் அந்தச் சிவப்பு மை நினைவிருக்கும். யோருபா வார்த்தைக்கு அந்த விதிப்படி நாலு குரல் எழுதினால், சோப்ரானோ ஒரு சொல்லைச் சொல்லும், பாஸ் இன்னொன்றைச் சொல்லும், நடுவில் வரும் ஆல்டோ ஒரே சுரத்தில் நின்று எதுவுமே சொல்லாது. உங்கள் நண்பர் காதில் விழுந்தது அதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் இசைத்தாளைப் பார்க்காமல் இதைவிட உறுதியாகச் சொல்ல முடியாது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. லாகோஸ் கோயில்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதோடுதான் மல்லுக்கட்டின. மிஷனரிகள் வந்த காலத்தில் டிரம்முக்கும் ஊர் மெட்டுக்கும் கோயிலுக்குள் இடமில்லை. ஆங்கிலப் பாமாலையை யோருபாவில் பெயர்த்து அதே ஆங்கில மெட்டில் பாடினார்கள். பைபிள் முழுவதும் 1884ல் யோருபாவில் வந்துவிட்டது. அந்த வேலையை முன்னின்று செய்த பிஷப் சாமுவேல் அஜாயி க்ரௌதர் தாமே யோருபா. வாசித்தால் மணியான மொழி, பாடினால் குழறல். இந்த முரண்பாடு ஊர்க்காரர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. அபெயோகுட்டா பக்கம் ஜே.ஜே. ரான்சம்-குட்டி என்ற பாதிரியார் ஊர் மெட்டுச் சாயலிலேயே கிறிஸ்தவப் பாட்டுகள் கட்டிப் பாடினார். 1922ல் லண்டனில் ஸோனோஃபோன் கம்பெனி அவர் குரலைத் தட்டில் பதிவு செய்தது. ஆஃப்ரோபீட் பாடகர் ஃபேலா குட்டியின் தாத்தா என்றால் சட்டென்று அடையாளம் தெரியும்.

ஆனால் கொயர் வேலை என்று பார்த்தால் நான் முதலில் கையெடுத்துக் கும்பிடுவது தாமஸ் எகுண்டாயோ ஃபிலிப்ஸை. 1914 முதல் 1962 வரை லாகோஸ் கிறிஸ்து ஆலயத்தின் ஆர்கனிஸ்ட். லண்டனில் முறையாக ஐரோப்பிய இசை படித்துவிட்டு வந்து, யோருபா வழிபாட்டுப் பாட்டின் மெட்டு யோருபாப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒட்டித்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். யோருபா இசை பற்றி 1953ல் ஒரு சிறு புத்தகமும் போட்டார். அவர் கொயரில் சிறுவனாகப் பாடியவர்தான் இசையமைப்பாளர் ஃபேலா சொவாண்டே. இன்னொரு இசையமைப்பாளரான அயோ பாங்கோலேயும் அதே கோயிலில் வளர்ந்தவர். நைஜீரிய மேடை இசை என்று இன்று சொல்வதில் பெரும்பங்கு அந்த ஆர்கன் மாடத்திலிருந்து இறங்கி வந்தது. கோயிலுக்கு வெளியே வேறொரு ஓட்டமும் இருந்தது. 1925ல் தொடங்கிய கெருபீம் சேராபீம் போன்ற அலாதுரா சபைகள், அதாவது யோருபாக்காரர்களே தொடங்கிய ஜெப சபைகள், கைத்தட்டலையும் டிரம்மையும் ஆட்டத்தையும் வழிபாட்டுக்குள் தாராளமாக விட்டன. அறுபதுகளின் தொடக்கத்தில்கூடப் பழைய சபைகளில் இது சுலபமாக இல்லை. ஒஷோக்போவில் டூரோ லாடிப்போ ஈஸ்டர் பாட்டுக்கு ஊர் டிரம்மைச் சேர்த்ததற்கு எதிர்ப்பு கிளம்பியது. அவர் வெளியே வந்து மேடைக்குப் போனார். 1963ல் "ஓபா கோசோ" என்ற இசை நாடகம் பிறந்தது. கோயில் தள்ளிவிட்டது ஒருவகையில் நல்லதாயிற்று.

இனி "பாரம்பரியம்" என்ற முத்திரை. இசைத்தாளின் மூலையில் அந்த ஒரு சொல்லை அச்சடித்துவிட்டு ஆளாளுக்குத் தப்பித்துக்கொள்கிறார்கள். உங்கள் பட்டியலிலேயே பாருங்கள். "பெத்லஹேமு" அழகான கிறிஸ்துமஸ் பாட்டு, மொழி யோருபாதான். ஆனால் பாட்டியின் மடியில் கேட்ட பழம்பாட்டு இல்லை. ஐம்பதுகளில் அட்லாண்டா மோர்ஹவுஸ் கல்லூரியில் படித்த பாபாதுண்டே ஒலாட்டுஞ்சி கொண்டுவந்தது. 1953 முதல் 1987 வரை அந்தக் கல்லூரியின் ஆண்கள் கொயரை நடத்திய வெண்டல் வேலம் அதற்குக் குரல் அமைத்தார். அங்கிருந்துதான் உலகம் சுற்றியது. "இஷே ஒலுவா" யோருபாக் கிறிஸ்தவர்களின் சபைப் பாட்டு: ஆண்டவரின் வேலை அழிந்துபோகாது என்று பொருள். அது மக்கள் வாயில் புழங்குவது, தயங்காமல் பாடலாம்.

"ஃபங்கா அலாஃபியா" விஷயம் வேறு. ஃபங்கா லைபீரியப் பக்கத்து ஆட்டம். அமெரிக்க மேடையில் அதைப் பிரபலமாக்கியவர் நடனக் கலைஞர் பேர்ல் பிரைமஸ். பாட்டில் வரும் அலாஃபியா, அஷே இரண்டும் யோருபாவில் உள்ள சொற்கள்தான். அவற்றிலும் அலாஃபியா அரபு மூலத்திலிருந்து வந்தது. மெட்டைக் கேட்டாலோ "லிட்டில் லைசா ஜேன்" என்ற பழைய அமெரிக்கப் பாட்டின் உடன்பிறப்பு. ஆக இது அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவை நினைத்துக் கட்டிக்கொண்ட பாட்டு. அதுவும் மரியாதைக்குரிய வரலாறுதான். குழந்தைகளோடு பாட எனக்கும் பிடிக்கும். யோருபா நாட்டுப்பாட்டு என்று மட்டும் போடாதீர்கள்.

நாலாவதாக நீங்கள் எழுதிய "யெமாயா" கியூபாவிலிருந்து வருவது. அடிமைக் கப்பலில் போனவர்கள் ஒரிஷா என்னும் யோருபாத் தெய்வங்களின் வழிபாட்டையும் பாட்டையும் அங்கே காப்பாற்றினார்கள். அந்த மொழிக்கு லுகுமி என்று பெயர். ஸ்பானிஷ் சூழ்ந்துகொண்டதில் மேல், நடு, கீழ் வேறுபாடு அதில் உதிர்ந்துபோயிற்று. லாகோஸ்காரருக்கு அதில் அங்கங்கே ஒரு சொல் பிடிபடும், அவ்வளவே. அதை யோருபா உச்சரிப்புக்குத் "திருத்த" முயலாதீர்கள். கியூபாக்காரர் பாடுவதுபோலவே பாட வேண்டும்.

எங்கே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெட்டு பேச்சைச் சுரத்துக்குச் சுரம் பின்பற்ற வேண்டுமா என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஊர்ப் பாட்டிலேயே விலகல் உண்டு. ஏற வேண்டிய இடத்தில் ஏறுகிறதா, இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறதா என்ற திசைதான் முக்கியம், எவ்வளவு ஏறுகிறது என்பதில் சுதந்திரம் உண்டு என்பது பலர் ஏற்கும் நிலை. என் அனுபவமும் அதுவே. ஊரே அறிந்த பாட்டு என்றால் மெட்டு கொஞ்சம் தப்பினாலும் மனசு சொல்லை நிரப்பிக்கொள்ளும். புதுப் பாட்டில் அந்தச் சலுகை கிடையாது. இன்றைய இளைஞர்கள் பாடும் நற்செய்திப் பாட்டுகளில் பல இந்த விதியைச் சட்டையே செய்வதில்லை. பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள், பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, டிசம்பருக்குள் என்ன செய்யலாம்? அந்த நைஜீரிய நண்பரையே பிடியுங்கள். அவரைப் பாடச் சொல்ல வேண்டாம். வரிகளைப் பேசச் சொல்லி மொபைலில் பதிவு செய்யுங்கள், மெதுவாக ஒரு தடவை, இயல்பு வேகத்தில் ஒரு தடவை. பெரும்பாலான இசைத்தாள்களில் சுருதி நிலையையும் ஒலியையும் காட்ட எழுத்தின் மேலும் கீழும் வர வேண்டிய குறிகளை உதிர்த்துவிட்டு அச்சடித்திருப்பார்கள். அவற்றை அவரிடமே கேட்டு வாங்கிப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கொயர் முழுவதும் வார்த்தையை விட்டுவிட்டு டோ-ரே-மியில் மட்டும் அந்த வரியைச் சொல்லட்டும். மேலே சொன்ன முதல் வரி ரே-ரே-மி-ரே, டோ-டோ-மி-ரே என்று வரும். அது நாக்கில் ஊறிய பிறகு உங்கள் மெட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எங்கே முட்டுகிறது என்பது பாடுகிறவர்களுக்கே தெரிந்துவிடும், கொயர் மாஸ்டர் விளக்க வேண்டியதில்லை.

முட்டும் இடத்தில் நான் செய்வது இது. எடுத்துக் கொடுக்கும் குரலைத் தனி ஆளிடம் விட்டுவிடுவேன். மெட்டு அவர் கையில் சுத்தமாக இருக்கும். வாங்கிப் பாடும் பகுதியைச் சோப்ரானோவும் ஆண்களின் மேல் குரலான டெனரும் ஒரு ஸ்தாயி தள்ளிப் பாடும். ஆல்டோ மூன்று சுரம் கீழே அதே நடையில் கூடவே போகும். பாஸுக்கு நாலு குரல் ஆசை தீர ஏதாவது வேண்டும் என்றால், வார்த்தையைக் கொடுக்காமல் ஒரு முனகலையோ டிரம் சொற்கட்டையோ கொடுப்பேன். வார்த்தை இல்லாத குரல் எந்தப் பக்கம் போனாலும் பொருள் கெடாது. பாஸ்காரர்கள் முணுமுணுப்பார்கள். நானும் பாஸ்தான், முணுமுணுக்கட்டும்.

உச்சரிப்பு விரைவாக. யோருபாவை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். கீழே புள்ளி உள்ள ஓ நன்றாக வாய் திறந்து ஆவை நோக்கிப் போகும். புள்ளி உள்ள எயும் அப்படியே. புள்ளி வைத்த ஸ என்றால் ஷ. p என்ற எழுத்து க், ப் இரண்டும் ஒரே நொடியில் வெடிக்கும் ஒலி. அதற்கு முதலில் உதட்டை மூடிக்கொண்டு தொண்டையையும் சேர்த்து விடுங்கள். உயிருக்குப் பின்னால் வரும் ன் பெரும்பாலும் மூக்கொலிதான், நாக்கு மேலே ஒட்டக் கூடாது.

டிரம் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆப்பிரிக்கப் பாட்டு என்றதும் எல்லாக் கொயர்களும் ஜெம்பேயைத் தூக்கிக்கொண்டு வருகின்றன. ஜெம்பே மாலி, கினி பக்கத்து மாண்டிங் மக்களுடையது. யோருபாவுடையது டுண்டுன்: இடுப்பு சிறுத்த, இரு பக்கமும் தோல் கட்டிய டிரம். கக்கத்தில் இடுக்கி வார்களை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அதே மூன்று நிலையில் அது வாக்கியமே பேசும். கல்யாண வீட்டில் வாசலில் நுழைகிறவரின் குலப் பெருமையை டிரம்காரர் அதில் அடித்துச் சொல்ல, வந்தவர் பூரித்துப்போய் டிரம்காரரின் நெற்றியில் பணத்தை ஒட்டுவார். பரம்பரை டிரம்காரர்கள் பிள்ளைகளுக்கு அயான் என்று தொடங்கும் பெயர் வைப்பார்கள். டிரம்மின் தெய்வத்தின் பெயர் அது. மொழி தெரியாதவர் டுண்டுனை எடுத்து இஷ்டத்துக்கு அழுத்தினால் யோருபாக்காரருக்கு அது உளறலாகத்தான் கேட்கும். ஆள் கிடைக்காவிட்டால் டுண்டுனை விட்டுவிடுங்கள். அகோகோ மணி, பாசி கோத்த ஷெகெரே சுரைக்காய், கைத்தட்டல், இவை போதும். மணி பன்னிரண்டு துடிப்பில் ஓடும். அந்தச் சுற்றுக்குக் கொன்கொலோ என்று பெயர். கால் நாலு அடி வைக்கும், மணி அதற்குக் குறுக்கே ஓடும். முதல் அடியில் ஓங்கி அழுத்துவது ஐரோப்பியப் பழக்கம், அதை மறந்துவிடுங்கள். இசைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, மனப்பாடம்தான் வழி.

பாடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: பாட்டைப் பொறுத்தது. ஆமை இஜாபாவின் கதைகளுக்கு நடுவே கேட்கிறவர்கள் சேர்ந்து பாடும் அலோப் பாட்டுகள் கொயருக்கு மிகப் பொருத்தம்: சின்ன எக்பே, திரும்பத் திரும்ப வரும், யாரும் புண்பட மாட்டார்கள். இரட்டையர் பாட்டு, சபைப் பாட்டு இவையும் அப்படியே. ஷாங்கோ, ஓஷுன் போன்ற ஒரிஷாக்களின் பாட்டு வழிபாட்டுக்கு உரியது. கூச்சம் இரண்டு பக்கமும் வரலாம். ஒரிஷா வழிபடுகிறவர்களில் சிலர் மகிழ்வார்கள், சிலர் இதை மேடையில் பாடுவானேன் என்பார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் யோருபாக்களில் பலர் அதை வாயில் எடுக்கவே மாட்டார்கள். உங்கள் நண்பர் எந்தப் பக்கம் என்று ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள். கியூபாப் பாட்டு என்றால் கியூபாக்காரரிடம். அங்கே பாட்டா என்ற சடங்கு டிரம்மில் பிரதிஷ்டை செய்தது வேறு, மேடைக்கான சாதாரண டிரம் வேறு என்ற கட்டுப்பாடு இன்றும் கறாராக இருக்கிறது. ஓரோ சடங்குப் பாட்டு எதுவும் கைக்கு வந்தால் தொடவே வேண்டாம். அந்தச் சடங்கின்போது பெண்கள் வெளியே வரக் கூடாது என்று ஊரே கதவடைக்கும்; அதைக் கலப்புக் கொயரில் சோப்ரானோவுக்கு எழுதித் தருவது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

நிகழ்ச்சித் தாளில் நான்கு பாட்டுக்கும் நான்கு விதமாகப் போடுங்கள். பெத்லஹேமுவுக்கு ஒலாட்டுஞ்சி வழி வந்தது, குரல் அமைப்பு வேலம். இஷே ஒலுவாவுக்கு யோருபாச் சபைப் பாட்டு. யெமாயாவுக்கு லுகுமி, கியூபா. ஃபங்காவுக்கு அமெரிக்கா. வரிகளைச் சுருதி நிலைக் குறிகளோடு ஒரு பக்கம், தமிழிலோ ஆங்கிலத்திலோ பொருள் எதிர்ப்பக்கம். பேசிப் பதிவு செய்து கொடுத்த நண்பரின் பெயரை, அவர் சம்மதித்தால், கொயர் மாஸ்டர் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். நன்றி வரியின் கடைசியில் வேண்டாம்.